செல்வராணியின் பெயரில் நான் படித்தவை

செல்வராணியின் படிப்பைக் கெடுத்தவன் நான். அவள் பெயரில் நுழையக் கூடாத இடத்தில் நுழைந்தவன் நான். அதைவிடப் பெரிய பாவம் ஒன்றும் செய்திருக்கிறேன்... அதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவளுடைய தம்பி யோகன் எந்தத் தவறும் செய்யவில்லை.

இதைச் சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்பேர்ப்பட்ட கோழை பாருங்கள்!

மாத்தளை நகரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கத்தில் தொலைபேசியும் போட்டோ கொப்பி இயந்திரமும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இணையம் பார்க்கச் சில கணினிகள். முதலாளி காலையில் வந்து கடையைத் திறந்துவிட்டுப் போய்விடுவார். மற்றதெல்லாம் என் பாடு. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் போகும் அளவுக்கு எனக்குப் புள்ளிகள் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் நான் இங்கே சொல்லும் எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

செல்வராணி எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். நிரந்தர நியமனம் வேண்டுமானால் பட்டம் வேண்டும். அதற்காகத் தொலைக்கல்வியில் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள் என்பது அவளுடைய கடைசி ஆய்வு. அதை ஒப்படைத்துவிட்டால் பட்டம். பட்டம் வந்தால் நியமனம். அவளுடைய அப்பா பெருமாள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்த கையோடு கடைக்கு வரும்போதெல்லாம், "மக வாத்தியாரம்மா ஆகப் போகுதுங்க" என்பார். அந்த வீட்டில் அதற்கு மேல் ஆசைப்பட ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தில் உலகத்து ஆய்விதழ்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் தலைப்பைத் தொட்டால் உள்ளே விட மறுக்கிறது, உங்களுக்கு அனுமதியில்லை என்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். என் பெருமை பொங்கியது! அனுமதியில்லை என்று ஒரு கணினி சொன்னால் அதை வழிக்குக் கொண்டுவருவதுதானே என் தொழில்.

நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறுமையான ஓர் அம்மா சிங்களத்தில் விளக்கினார். பல்கலைக்கழக வளவுக்குள் இருக்கும் கணினிகளை ஆய்விதழ்க் கம்பனிகளுக்குத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர்களைத் தெரியாது. ஆகவே மாணவி முதலில் நூலகத்தின் வாசலுக்கு வந்து, தன் அங்கத்துவ இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, அந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்றார். அவர் சொன்ன முகவரியை உலாவியில் பதித்தேன். அப்போதும் பக்கம் திறக்கவில்லை. வெகுநேரம் தடவிய பிறகுதான் கண்டேன், அந்தக் கணினியின் கடிகாரம் பழைய ஆண்டு ஒன்றிலேயே நின்றுபோயிருந்தது. உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலம் செத்தால் அப்படி ஆகும். திகதி பிழையானால் பாதுகாப்பான பக்கம் எதுவும் திறக்காது. திகதியைத் திருத்தினேன். திறந்தது!

செல்வராணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் திரையில் ஒரு சிறு பெட்டி முளைத்தது. இந்தக் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று உலாவி கேட்டது.

ஆம் என்று அழுத்தினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வாரம் திரும்பவும் தட்டச்சு செய்யத் தேவையில்லை என்று சொன்னேன். நல்லது என்றாள்.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்போது தோன்றவில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வீட்டுக்கொரு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் எல்லாருக்கும் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அந்தப் பக்கம் போனவர் யாரோ அதை எடுத்து வருவார், வாசிக்கத் தெரிந்தவர் பிரித்து உரக்க வாசிப்பார், லயமே நின்று கேட்கும். ஒருவர் கடிதத்தை இன்னொருவர் பிரிப்பது எங்களுக்குக் களவல்ல, உபகாரம். கடையிலும் அப்படித்தான். கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தங்கள் கடவுச்சொல்லைச் சத்தமாகச் சொல்லி, மின்னஞ்சல் வந்திருக்கிறதா பாருங்கள் என்பார்கள். பூட்டின் சாவி கடைக்காரனிடம் இருப்பதில் யாருக்கும் பயமில்லை.

அவள் சனிக்கிழமைகளில் வந்தாள். மற்ற நாட்களில் நான் அவள் பெயரில் உள்ளே போனேன்.

முதலில் சும்மா பார்த்தேன். பிறகு படித்தேன். விளங்கியதும் விளங்காததுமாக எவ்வளவோ படித்தேன். எனக்குக் கிடைக்காத பல்கலைக்கழகம் அந்தப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் திறந்து கிடந்தது... அந்த மகிழ்ச்சியை இப்போதும் என்னால் மறுக்க முடியவில்லை. பிறகு மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கட்டுரை வேண்டுமானாலும் அவனிடம் கேளுங்கள் என்று நாலு பேர் சொல்லத் தொடங்கினார்கள். பரீட்சையில் விழுந்தவனைத் தேடிப் படித்தவர்கள் வந்தார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு!

அப்படி வந்தவர்களில் ஒருவர் பண்டார. லக்கலப் பக்கத்தில் விவசாய உத்தியோகத்தர். நல்ல மனிதர், என்னை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அங்கே யானைகளால் வயல் அழிகிறது. விவசாயிகள் யானை வெடி போடுகிறார்கள்; சிலர் பூசணிக்காய்க்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கிறார்கள்; அதைக் கடித்த யானை தாடை சிதறித் தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. அதை நிறுத்தி மின்வேலி கேட்டு மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும், பிற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள் என்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

லக்கலவுக்குப் பின்னேரம் ஒரு பேருந்துதான். அதை விட்டால் அவர் நகரத்தில் தங்க வேண்டும். ஆகவே நான் ஆற அமரத் தேர்ந்தெடுக்கவில்லை. வெடி, வெடிமருந்து, திரி, மின்கம்பி, காயம் என்று தேடி, வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் இறக்கி ஒரு குறுந்தட்டில் பதிந்து கொடுத்தேன். அவர் குறுந்தட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வடக்கில் போர் உச்சத்தில் இருந்தது. கொழும்பில் எங்கேனும் குண்டு வெடித்தால் மாத்தளைத் தெருவில் நாங்கள் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடப்போம். எங்களுக்கு இரண்டு கடை தள்ளித் தொலைபேசி திருத்திக்கொண்டிருந்த பையனை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். அவன் அம்மா ஒவ்வொரு நாளும் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவாள். அந்தக் காலத்தில், ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரில், வெடிமருந்தைப் பற்றிக் கட்டுக்கட்டாக...

அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை. சத்தியமாக உறைக்கவில்லை. யானை மட்டும்தான் என் மனதில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை செல்வராணி வந்தாள். ஆய்வு முடிகிற கட்டம், இன்னும் சில கட்டுரைகள்தான் வேண்டும் என்றாள். நான் பக்கத்தைத் திறந்தேன். இந்தக் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது, நூலகத்துடன் தொடர்பு கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. அவள் வாசிப்பதற்குள் அதை மூடினேன்.

அதன் பிறகு நான் ஆடிய நாடகத்தை எப்படிச் சொல்வேன்! கணினியை அணைத்து ஏற்றினேன். வயரைக் கழற்றி மாட்டினேன். உலாவியின் நினைவைத் துடைத்தேன். அவளுக்கு உதவி செய்கிற பாவனையில், அவள் கண் முன்னாலேயே, நான் சேமித்து வைத்திருந்த அவளுடைய கடவுச்சொல்லையும் நான் போய்வந்த தடங்களையும் அழித்தேன். அவள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று வருந்திக்கொண்டிருந்தாள். கடைசியில் நூலகத்தின் இயந்திரம் படுத்துவிட்டது போலிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். சரிங்க அண்ணே என்று போனாள்.

நூலகம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தது அதற்கு அடுத்த நாட்களில்தான். ஒரே நேரத்தில் அத்தனை கட்டுரைகள் இறங்கியதால் ஆய்விதழ்க் கம்பனி முழுப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதியை நிறுத்தி வைத்துவிட்டதாம். தேடிப் பார்த்தால் செல்வராணியின் கணக்கு. தலைப்புகளைப் பார்த்தால்... விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போகும் வழியில் என்னிடம் வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து போயிருந்தது.

"அண்ணே, இதெல்லாம் நான் எடுக்கவே இல்லைங்க. வெடிமருந்து, கம்பின்னு ஏதேதோ சொல்றாங்க. நான் எடுத்தது புள்ளைங்க படிப்பப் பத்தி மட்டுந்தான். உங்களுக்குத் தெரியுமே."

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்! நான் எடுத்தேன் டீச்சர், பண்டார ஐயாவுக்காக எடுத்தேன், அவரைக் கேட்டால் சொல்வார்... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்தில் அந்தத் தொலைபேசிக் கடையின் பூட்டிய கதவு கண்ணில் நின்றது. இளவயதுத் தமிழன், கணினிக் கடை, வெடிமருந்து. பண்டார சிங்களவர், உத்தியோகத்தர், அவரை விட்டுவிடுவார்கள். என்னை விடுவார்களா?  

இதுவரை நான் செய்தது அவசரத்தில் செய்த பிழை என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். இனிச் சொல்வதை மன்னிக்க முடியாது.

"பாஸ்வேர்ட வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். என் கணினி அதை நினைவில் வைத்திருந்தது அவளுக்குத் தோன்றவே இல்லை. "தம்பிக்கு மட்டுந்தான்... ஒரு பேப்பர கொழும்புல பிரிண்ட் எடுக்கச் சொல்லிக் குடுத்தேன்."

யோகன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தான். முன்பு ஒரு முறை இராணுவச் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டிருந்தார்கள். அவன் நூலகத்துக்குள் ஒருபோதும் நுழையவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் உள்ளே போக முடியவில்லை அண்ணே என்று அவன் எனக்குத்தான் தொலைபேசி எடுத்தான். வாசல் முகவரியை உலாவியில் பதிக்காமல் உள்ளே போக முடியாது, விடு தம்பி, நான் இங்கேயே எடுத்துக் கொடுக்கிறேன் என்று அவனுக்குச் சொன்னவன் நான்.

அப்படியெல்லாம் தெரிந்திருந்தும் அவளைப் பார்த்துக் கேட்டேன்:

"தம்பி கொழும்புல யாரோட தங்கியிருக்கான்?"

வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். தம்பி குண்டு வைக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டானோ என்ற சந்தேகம் அவள் முகத்தில் ஏறுவதை நான் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. உள்ளுக்குள் என் பயம் கொஞ்சம் இறங்கியது. அந்த நிம்மதியைத்தான் நான் இன்றுவரை அருவருக்கிறேன்.

விசாரணையில் அவள் தம்பியின் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நான்தான் எடுத்தேன், சும்மா ஆர்வத்தில் எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள்! தம்பியைக் காப்பாற்ற, தம்பி செய்யாத குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

நூலக அனுமதி பறிபோனது. ஆய்வை ஏற்க முடியாது என்றார்கள். விஷயம் மேலே போய், சாதாரண உடையில் சிலர் லயத்துக்கு வந்து விசாரித்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பாயைக்கூட உதறிப் பார்த்தார்களாம். அவளைப் பிடித்துக்கொண்டு போகவில்லை; அதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன், எனக்கு அந்த உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் வந்து போனதே போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வர வேண்டாம் என்று அதிபர் சொன்னார். நியமனம் கொடுத்தபோது அவள் பெயர் அதில் இல்லை. பிறகு ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் போவதற்கு முன்பே பண்டார மறுபடி வந்தார். அறிக்கையை மேலிடம் ஏற்றுக்கொண்டது, ஒரு கிராமத்துக்கு வேலி வரப்போகிறது என்று என் தோளைத் தட்டினார். அப்போது செல்வராணி இன்னும் லயத்தில்தான் இருந்தாள். இந்த மனிதர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும். நான் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். யானைகளைப் பற்றிப் பேசினோம்.

இந்த வருடம் போர் முடிந்தது. நகரத்தில் பட்டாசு கொளுத்தினார்கள், தெருவில் பாற்சோறு கொடுத்தார்கள். நான் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இனி என்ன பயம், இனிச் சொல்லிவிடலாமே என்று மனம் கேட்டது. சொன்னேனா? இல்லை. அப்போதுதான் தெரிந்தது, என்னைக் கட்டிப்போட்டது போர் மட்டுமல்ல. பெருமாள் என்னை இன்னும் தம்பி என்று கூப்பிடுகிறார்... அதை இழக்க எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவர் கடைக்கு வருவார். செல்வராணி வேலை செய்யும் வீட்டுப் பெண்பிள்ளை அன்று தன் கணினியைத் திறந்து கொடுக்கும். இணையத்தில் அப்பாவும் மகளும் பேசுவார்கள். இணைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் முன்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை பெருமாளுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக யோகன் வந்தான். கொழும்பு வேலையை விட்டு வந்திருந்தான், மெலிந்திருந்தான். அக்கா வெளிநாடு போகும்போதும் சொல்லவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை, வீட்டுக்கு வராதே என்று ஆள் விட்டுச் சொன்னாள், ஏனென்று தெரியவில்லை என்று என்னிடம் புலம்பினான். காதில் மாட்டும் கருவி பழுதாகியிருந்ததால் ஒலிபெருக்கியில் இணைத்துக் கொடுத்தேன். கடையில் வேறு யாருமில்லை. முன்பக்கம் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். கால் நகரவில்லை.

"அப்பா?" என்றது செல்வராணியின் குரல்.

"அப்பாவுக்குக் காய்ச்சல்க்கா. நான் யோகன். ஏன்க்கா என்கூட பேசாம இருக்க? நான் என்ன செஞ்சேன்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீ செஞ்சத நான் யாருகிட்டயும் சொல்லல தம்பி. சொல்லவும் மாட்டேன். இப்ப அந்த ஆளுங்களோட சேராம இருக்கியா? அத மட்டும் சொல்லு."

"எந்த ஆளுங்க?" என்றான் யோகன். நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். "அண்ணே, அக்கா என்ன சொல்லுது?"

என் வாய் திறந்தது. சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்... அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்குமா?

"லைன் சரியில்ல தம்பி, வேற யாரோ பேசுறது குறுக்க வருது" என்று சொல்லி, கையை நீட்டி இணைப்பை வெட்டினேன்.

அவன் நம்பினான்.  அடுத்த வெள்ளிக்கிழமை வந்தால் சரியாகக் கேட்குமா என்று கேட்டான். கேட்கும் என்றேன்.

நாளை வெள்ளிக்கிழமை.